சேறும் சைக்கிளும்

விளையாட்டு என்ற மாத்திரத்தில் நம்மவர் உள்ளத்தில் எழுவது, சுண்ணாம்புக் கோடிட்ட சமதரையும் அதனைச் சுற்றி நிழலில் அமர்ந்து கைதட்டும் கூட்டமுமே. நம் கல்லூரி விளையாட்டு விழாவில் நூறு மீட்டர் ஓட்டத்திற்குக் கிடைக்கும் ஆரவாரம் பிறிதொன்றிற்கும் கிடைப்பதில்லை. சில நொடிகளில் முடிந்துவிடும் ஒன்றைக் காண்பது எளிது. காண்போர்க்கு வெயிலும் மிகுதியாய்ப் படுவதில்லை. யான் ஈண்டு எழுதப் புகுந்தது இதற்கு முற்றும் மாறானதொரு போட்டியைப் பற்றி. அதில் கோடில்லை, சமதரையில்லை. காண்போருள் பெரும்பாலோர் கொக்குகளும் எருமைகளுமே. முதலில் ஓட்டம், அடுத்துச் சைக்கிள், மீண்டும் ஓட்டம். மூன்றும் தார்ச்சாலையை விட்டு விலகிய மண்வழியில், அதுவும் மழை ஊறிய மண்ணில்.

சென்ற ஆவணியில், தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடைப்பட்ட ஊர்ப்புறத்தில் நடந்த இத்தகைய போட்டியொன்றிற் கலந்துகொண்டு, மகளிர் எழுவருள் ஏழாவதாக வந்து சேர்ந்தேன். இதனை முதற்கண் சொல்லிவிடுதல் நலம். பின்னர் யான் கூறப்போவனவற்றைத் தோற்றவள் புலம்பலென்று எவரேனும் ஒதுக்குவரேல், அதற்கு வேண்டிய சான்றை யானே கொடுத்தவளாகட்டும்.

இந்நிலப்பகுதியை அறியாதார்க்குச் சில சொற்கள். ஆனியிலும் ஆடியிலும் மேல்காற்றுச் செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து வருங்கால், மலைக்கு அப்பால் மலையாள நாட்டிற் கொட்டித் தீர்த்த மேகத்தின் மிச்சமே நமக்குச் சாரலாகிறது. குற்றாலத்தில் அருவி ஆர்ப்பரிக்கும். ஐந்து கல் கிழக்கே வந்தால் வெயிலும் தூறலும் மாறி மாறி விளையாடும். மண் முழுதும் நனைவதுமில்லை, முழுதும் உலர்வதுமில்லை. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் தம் குறவஞ்சியில், அருவியின் நீர் விண்ணளவு எழும்பிப் பகலவன் தேரையே சறுக்கச் செய்வதாகக் கற்பனை செய்துள்ளார். வகுப்பில் இதனை உயர்வு நவிற்சியணி என்று குறித்துக்கொண்டேன். அவ்வூரின் புறத்தே என் சைக்கிள் மூன்று முறை சறுக்கி விழுந்த பின்னர், கவிராயர் கூறியதில் உயர்வு எவ்வளவு, கண்டது எவ்வளவு என்று ஐயுறத் தொடங்கினேன்.

சேறு பற்றியும் ஒன்று கூற வேண்டும். அளறு, அள்ளல், உளை, தொளி, சகதி என்னும் சொற்களை ஒருபொருட் பன்மொழி என்று மனனம் செய்தவர்களுள் யானும் ஒருத்தி. சைக்கிளோடு அவற்றினுள் இறங்கியவர்க்கு அவை ஒரு பொருள் அல்ல என்பது விளங்கும். மலையடிவாரத்துச் செம்மண், நீர் பட்டவுடன் மேலே எண்ணெய் பூசினாற்போல் வழுக்கும். அதே மண் சக்கரத்தில் மட்டும் பசைபோல் ஒட்டும். குளத்து வண்டலோ காலைக் கீழே இழுத்துச் செருப்பைத் தனக்கென வைத்துக்கொள்ளும். வயலில் உழுது கலக்கிய தொளி கஞ்சி போன்றது. கணுக்காலுக்கு மேல் ஏறினும் அடியில் இறுகிய தளம் இருப்பதால், பாதம் ஊன்ற இடமுண்டு. ஓடுவதற்கு இம்மூன்றனுள் தொளியே சிறந்தது. இதனை நடவு நடும் பெண்டிர் எவரைக் கேட்பினும் நம்மிலும் தெளிவாய்க் கூறுவர்.

இனி என் சைக்கிள். (மிதிவண்டி என்றெழுதுக என்று எம் ஆசிரியர் திருத்தக்கூடும்; தென்காசிச் சந்தையில் அச்சொல்லைக் கூறிப் பழுது பார்த்துக்கொண்டு வருவாரை யான் இன்னும் கண்டிலேன்.) அது பதினோராம் வகுப்பில் அரசு எனக்கு வழங்கியது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கெனத் தொடங்கப்பெற்று, பின்னர் அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பயில்வார் யாவர்க்கும் விரிக்கப்பெற்ற திட்டம் அது. இதனைப் படிப்போருட் பலர் வீட்டுத் திண்ணையோரத்தில் இன்றும் அத்தகைய வண்டியொன்று சாய்ந்திருக்கும். கியர் இல்லை, எடை மிகுதி, முன்னே ஒரு கூடை, இரு சக்கரங்களுக்கும் மேலே நல்ல அகலமான மட்கார்டு. பள்ளிக்குச் செல்லும் பெண்பிள்ளையின் பாவாடையிற் சேறு தெறியாமற் காப்பதற்கென அமைந்த அம்மட்கார்டே எனக்கு அன்று பகையாயிற்று.

போட்டி தொடங்குமிடத்தில் ஒருவர் என் வண்டியை மேலுங்கீழும் பார்த்து, "இந்தச் சைக்கிளிலயாம்மா வாற?" என்று வினவினார். அவ்வினாவில் வன்மம் இல்லை, வியப்பே இருந்தது. முன்னரே அனுப்பிய அறிவிப்பில் வண்டியின் வகை குறிக்கப்படவில்லை என்பதைக் காட்டினேன். இசைந்தார். முதல் ஓட்டத்தில் யான் மூன்றாவதாக இருந்தேன். சிறுபொழுதே எனினும் அதனை மறைக்க எனக்கு விருப்பமில்லை. பின்னர் வண்டி ஏறிப் பத்து நிமிடங்கழிவதற்குள், சக்கரத்திற்கும் மட்கார்டிற்கும் இடையேயுள்ள விரலகல இடைவெளியிற் செம்மண் சென்று அடைந்து இறுகிற்று. சக்கரம் சுழல மறுத்தது. இறங்கி ஒரு குச்சியால் தோண்டினேன். நூறு கெஜம் சென்றதும் மீண்டும் அடைத்தது. மூன்றாம் முறை தோண்டுங்கால், எனக்கு முன்னே சென்றிருந்த ஒருத்தி (மதுரைப் பக்கத்தவள் என்று பின்னர் அறிந்தேன்) திரும்பி வந்து, தன் விலையுயர்ந்த வண்டியைப் புல்லிற் கிடத்திவிட்டு, கையாலேயே மண்ணை வழித்துக் கொடுத்தாள். அதனால் அவள் தன் இடத்தை இழந்தாள். விலையுயர்ந்த சைக்கிள் உடையாரை யான் இழித்துரைக்கப் போவதில்லை என்பதற்கு அவளே காரணம்.

எஞ்சிய வழியிற் பாதியை வண்டியைத் தோளிற் சுமந்தே கடந்தேன். எல்லையை அடைந்தபொழுது அங்கே கட்டியிருந்த துணியை இருவர் சுருட்டிக்கொண்டிருந்தனர். என்னைக் கண்டு, சுருட்டிய பகுதியை மீண்டும் விரித்துப் பிடித்தனர். அவர்தம் அன்பிற்கு நன்றி. ஆயினும், ஆள் இன்னும் வழியில் இருக்க எல்லையைச் சுருட்டியது பிழை.

இத்துணையும் முன்னுரை. இப்பொருளை எழுத என்னைத் தூண்டியது வேறொன்று. இவ்வாண்டுப் போட்டிக்கு வந்த அறிவிப்பில், கியரும் அகன்ற டயரும் உடைய மலைச்சைக்கிள் கொணர்வாரே சேர்க்கப்பெறுவர் என்று ஒரு விதி புதிதாய்ச் சேர்ந்திருக்கின்றது. அவ்விதி என் ஒருத்தியால் வந்தது என்று எண்ணும் அளவிற்கு எனக்குச் செருக்கில்லை. எங்ஙனமாயினும், பல்லாயிரம் ரூபாய் பெறும் அத்தகைய வண்டி நம் விடுதி மாணவியர் ஒருவரிடத்தும் இல்லை. நடத்துவோர் பெயர் ஈண்டு வேண்டா. அவர் போட்டி, அவர் விதி. அவ்விதி நியாயமா என்பதே நம் ஆராய்ச்சி.

மலைச்சைக்கிள் என்பது பிறந்த வரலாற்றை நோக்குவோம். 1970-களில் அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் மரின் என்னும் பகுதியைச் சார்ந்த இளைஞர் சிலர், பழைய சாமான் கடைகளிற் கிடந்த, முப்பது நாற்பது ஆண்டு வயதுடைய கனத்த சைக்கிள்களை மலிவாய் வாங்கி, மலைச்சரிவுகளில் ஓட்டத் தலைப்பட்டனர். 1976-ஆம் ஆண்டு அக்டோபரில் அவர்கள் தொடங்கிய சரிவுப் பந்தயத்திற்கு ஒரு வேடிக்கையான பெயர் வழங்கிற்று. மிதிகட்டையைப் பின்னோக்கி அழுத்தினால் நிற்கும் பழைய பிரேக் அக்காலத்தது. ஒரு முறை மலையிறங்குவதற்குள் அது காய்ந்து, அச்சினுள் இருந்த கிரீஸ் முழுதும் புகையாய்ப் போய்விடும். மறுமுறை இறங்குமுன் கிரீஸை மீண்டும் அடைத்தாக வேண்டும். 'மீண்டும் அடைத்தல்' என்பதே பந்தயத்தின் பெயராயிற்று. அதாவது, இன்று கியரில்லாதவளே விலகு என்று கூறும் இவ்விளையாட்டு, கியரில்லாத கிழட்டு வண்டிகளினின்றே பிறந்தது. இருபதே ஆண்டுகளில், 1996-இல், அது அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்பெற்றது.

சேற்றிற் சைக்கிளைச் சுமப்பதும் புதிதன்று, இழிவுமன்று. பிரெஞ்சு நாட்டில் 1902-லேயே வயல், காடு, சேறு கடந்து ஓடும் சைக்கிள் போட்டிக்கு நாடளாவிய பட்டம் ஏற்பட்டுவிட்டது. ஏற முடியாத இடத்தில் இறங்கித் தோளிற் சுமந்து ஓடுவது அதன் விதிக்கு உட்பட்டதே. அங்ஙனம் சுமப்பதிலே தேர்ந்தவனே வல்லுநன். ஒக்டாவ் லாப்பீஸ் என்பார் 1910-இல் பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் பெரும் பந்தயத்தில் வெற்றி பெற்றதற்கு, குளிர்காலத்தில் இச்சேற்றுப் பயிற்சி செய்ததையும் ஒரு காரணமாய்க் கூறினர். ஆதலின், யான் வழியிற் பாதியைச் சுமந்து கடந்தேன் என்பதைக் கேட்டு நகைத்த என் வகுப்புத் தோழியர் இவ்வரலாற்றைச் சற்று நோக்குவாராக.

அயல்நாடு வரை செல்வானேன்? நம் மலைக்கு மறுபுறச் சரிவில், திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடியில், 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 26 முதல் 29 வரை 28-ஆவது ஆசிய மலைச்சைக்கிள் போட்டி நடைபெற்றது. குற்றாலத்தின் மேல் நிற்கும் அதே மேகம் நிற்கும் இடம் அது. ஆசியாவின் பல நாட்டவரும் அம்மண்ணில் வந்து ஓட்டினர். மலைக்கு அப்பால் அத்தகைய போட்டி நடக்கும்பொழுது, இப்பால் உள்ள நம் சிற்றூர்ப் பிள்ளைகள் அதன் முதற்படியிலேனும் கால்வைக்க வேண்டாவோ? முதற்படி எப்பொழுதும் கைக்கெட்டிய வண்டியிலேதான் அமையும். 1991-ஆம் ஆண்டை ஒட்டிப் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்பொழுது ஆயிரக்கணக்கான பெண்டிர் சைக்கிள் கற்றனர். மகளிர்க்கென அமைந்த வண்டி போதவில்லை; அதற்கென அவர்கள் காத்திருக்கவில்லை; ஆடவர் வண்டியின் குறுக்குக் கம்பிக்கு மேலே காலை வீசி ஏறினர்.

எதிர்த்தரப்பிற்கும் செவிசாய்த்தல் முறை. விதி இயற்றியவர் அஞ்சுவது விபத்திற்கே என்று கொள்வோம். அவ்வச்சம் பொய்யன்று. எம்மனோர் வண்டியின் பிரேக், சக்கரத்தின் இரும்பு விளிம்பைப் பற்றி நிறுத்துவது. விளிம்பு நனைந்தாற் பிடி தளரும். சேறு படின் இன்னும் தளரும். சரிவான இடத்தில் அவ்வண்டியோடு இறங்குதல் அறிவீனமே. ஆயின் சரிவு யாது பற்றி வேண்டும்? தென்காசியைச் சுற்றிச் சமநிலத்துச் சேறு இல்லையா? வண்டிக்கேற்ற வழியைத் தேர்வதும் நடத்துவோர் கையிலேயே உள்ளது. பெரும்பாலோரிடம் உள்ள வண்டியை விலக்கி வழியை வைத்துக்கொள்வதினும், வழியை மாற்றி வண்டியை ஏற்றுக்கொள்வது எளிது.

வழியைப் பற்றிப் பேசுங்கால், இரண்டொன்றை ஆர்வமுடையார்க்கும் எதிராய்க் கூற வேண்டியிருக்கிறது. நண்பர் சிலர் செண்பகாதேவி, தேனருவிப் பக்கமாகவே ஓடினால் எத்துணை அழகு என்கின்றனர். அழகுதான். ஆயின் அது காப்புக்காடு. அங்கு வாழும் உயிர்கட்கு நம் வெற்றி தோல்வியில் ஈடுபாடில்லை. அன்றியும், அருவி ஓடையைக் கடக்கும் வழி எதுவும் சாரற்காலத்தில் ஆகாது. மேலே மலையிற் பெய்வது கீழே நிற்பார்க்குத் தெரியாது. 2024-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளம், குளிக்க வந்த பதினேழு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு சென்றது. நம்மினும் இரண்டே வயது இளையவன். அதனை நினைத்த பின்னும் ஓடைவழியே ஓடலாம் என்பாரோடு எனக்கு வாதமில்லை.

நோயும் உண்டு. 2000-ஆம் ஆண்டில் போர்னியோத் தீவின் சபா மாநிலத்தில், ஆறும் காடும் சேறுமாகப் பல நாள் நடந்த போட்டியொன்றின் பின்னர், கலந்துகொண்டோருள் 189 பேரைத் தேடி விசாரித்ததில் 80 பேர் எலிக்காய்ச்சற் குறிகளோடு நோயுற்றிருந்தனர். எலியின் சிறுநீர் கலந்த நீர், தோலிலுள்ள புண்வழியே உடலிற் புகுவதால் வருவது அந்நோய். வயல் இருக்குமிடத்தில் எலி இருக்கும் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டா. புண்ணுடையாரை அன்று நிறுத்திவைத்தல், முடிந்தவுடன் நல்ல நீரிற் கழுவச் செய்தல், பின்னர்க் காய்ச்சல் கண்டால் 'சேற்றில் ஓடினேன்' என்பதை மருத்துவரிடம் மறவாமற் கூறச் சொல்லுதல் ஆகிய மூன்றும் செலவில்லாதவை. யான் ஓடிய போட்டியில் பழரசமும் பதக்கமும் இருந்தன. கைகால் கழுவ ஒரு தொட்டி நீர் இல்லை.

பங்கு கொள்வாரைக் கருதாத போட்டி நெடிது நில்லாது என்பதற்கு 1924-ஆம் ஆண்டுப் பாரிசு ஒலிம்பிக்கின் காட்டோட்டம் சான்று. கடுவெயிலில் 38 பேர் புறப்பட்டு 15 பேரே எல்லையை அடைந்தனர். ஏனையோர் வழியில் மயங்கியும் தளர்ந்தும் நின்றனர். பின்லாந்தின் பாவோ நூர்மி சிறிதும் களைப்பின்றி வென்றார் என்பர். ஆயினும் அவ்வோட்டம் அதன்பின் ஒலிம்பிக்கில் இடம்பெறவே இல்லை. ஒருவருடைய பெருவெற்றியினும் பலர் பட்ட துன்பமே அதன் விதியை நிருணயித்தது.

இனி, யான் வேண்டுவது. நம் கல்லூரி உடற்பயிற்சித் துறையும் பழைய மாணவர் சங்கமும் ஒன்றுகூடி, இவ்வாண்டு ஒரு சிறு சேற்றோட்டம் நடத்துதல் வேண்டும். இரு பிரேக்கும் ஒழுங்காய்ப் பிடிக்கும் எவ்வண்டியும் ஏற்கப்பெறட்டும். தொடங்குமுன் ஒருவர் நின்று அவற்றைச் சோதிக்கட்டும். கியர் வண்டியார்க்கு வேறு பட்டியல் வைப்பின் எனக்கு மறுப்பில்லை. தலைக்கவசம் யாவர்க்கும் கட்டாயமாதல் வேண்டும். அதனை இரவல் தரப் பழைய மாணவர் மனம் வைப்பின் போதும், அவருட் பலர் நகரங்களில் ஞாயிறுதோறும் சைக்கிள் ஓட்டுகின்றனர் என்று கேள்வி. பரிசு பற்றி எனக்கு அக்கறையில்லை. கடைசியாள் வந்து சேரும்வரை எல்லைத்துணி கட்டியபடியே இருக்கட்டும்.

எங்கே நடத்துவது என்ற வினாவிற்கு விடை எனக்கு எதிர்பாராத இடத்திற் கிடைத்தது. சென்ற ஆவணியில் யான் வண்டியைச் சுமந்து ஒரு குளக்கரை மேல் வருங்கால், வயலில் நின்ற முதியவர் ஒருவர், "எம்மா, நில்லு" என்று அதட்டினார். என்னைக் கேலி செய்வார் என்று எண்ணினேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. எனக்கு முன் சென்ற வண்டிகள் கரையில் வகிர்ந்த தடங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தத் தடத்துல தண்ணி எறங்கிச்சுன்னா ஐப்பசி மழைக்குக் கரை நிக்குமா? ஆருகிட்டக் கேட்டுட்டு ஓடுதிய?" என்றார். எவரிடமும் கேட்கவில்லை என்பதே உண்மை. நடத்தியவர் கேட்டிருப்பர் என்று யாங்கள் கருதினோம். யான் வண்டியை இறக்கி வைத்துவிட்டு, "தப்புத்தான் தாத்தா" என்றேன். காலால் மண்ணைத் தள்ளித் தடத்தை மூடத் தொடங்கினேன். அவரும் மண்வெட்டியோடு மேலேறி வந்தார். ஏழாவதாக வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்; ஆயின் சிறு காரணமே, மட்கார்டே பெரிது.

மூடி முடிந்ததும் அவர் என் வண்டியைப் பார்த்தார். "எம் பேத்திக்கும் இதத்தான் குடுத்தாவ" என்றார். பின்னர் அவரே கூறினார்: "ஓடணும்னா கரையில ஓடாதிய. கார் அறுப்பு முடியட்டும். பிசானத்துக்குத் தண்ணி விட்ட பொறவு, தொளி அடிக்கதுக்கு முன்ன ரெண்டு மூணு நாளு வயலு சும்மாத்தான் கெடக்கும். அதுல எத்தன பேரு வேணும்னாலும் மிதிங்க, எனக்கு ஒரு ஒழவு மிச்சம். வரப்ப மட்டும் ஒடைக்கப்படாது."

கார் அறுவடை புரட்டாசியில் முடியும். சென்ற விடுமுறையில் அவரைத் தேடிச் சென்று, அவர் சொன்ன சொல்லில் மாற்றமில்லை என்பதைக் கேட்டு வந்திருக்கிறேன். அவர் வயலோடு, பக்கத்து வயலார் இருவரும் இசைந்துள்ளனர். தென்காசிச் சந்தைப்பக்கத்துக் கடையில் என் வண்டியின் மட்கார்டு இரண்டையும் கழற்றி வாங்கிக்கொண்டேன். அவற்றை விடுதி அறையிற் கட்டிலின்கீழ் வைத்திருக்கிறேன், மழைக்காலம் கழிந்ததும் மீண்டும் பூட்டுவதற்காக.